அப்பாவின் பெயரில் ஓர் ஆங்கில ஆசிரியர்

2017 மார்ச் மாதத்தின் முதல் வாரம், தென்கொரியாவின் தெற்கு கியோங்சாங் மாகாணத்தில் உள்ள சிறு நகரம் ஒன்றின் தொடக்கப் பள்ளியில், ஆங்கில வகுப்பறையின் கதவில் என் அப்பாவின் பெயர் எழுதிய பலகை தொங்கியது. என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் அப்பாவின் பெயரும், அடுத்த வரியில் என் பெயரும் இருக்கின்றன. கொரியர்களுக்குக் குடும்பப் பெயரே முன்னால் வருவது. பெரும்பாலானோரின் முழுப் பெயர் மூன்றே அசைகளில் முடிந்துவிடும். ஆறு அசைகளுக்கு மேல் நீண்ட என் முழுப் பெயர் பலகையில் அடங்காததால், முதலில் இருந்ததை மட்டும் எழுதிவிட்டார்கள். அன்று காலை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரும் எழுந்து நின்று தலை தாழ்த்தி, அப்பாவின் பெயரோடு ‘சொன்செங்நிம்’ என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்து அழைத்தபோது, அவர் எனக்குப் பின்னால் நிற்கிறாரோ என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

வேடிக்கையாகத் தொடங்கிய இந்தப் பெயர் விவகாரம் முதல் ஆறு மாதங்களில் எனக்கு உண்டாக்கிய அலைச்சல் கொஞ்சமன்று. கொரியாவில் இணையத்தில் ஒரு பயணச்சீட்டு வாங்குவதானாலும், அரசுச் சேவை ஒன்றைப் பெறுவதானாலும், கைபேசி எண்ணின் வழியாக ஆளை உறுதிசெய்யும் முறை ஒன்று குறுக்கே வரும். வெளிநாட்டவர் பதிவு அட்டையில் உள்ள பெயரும், வங்கியில் உள்ள பெயரும், கைபேசி நிறுவனத்தில் உள்ள பெயரும் ஓர் இடைவெளிகூட மாறாமல் ஒத்திருந்தால்தான் அது என்னை நான் என்று ஒப்புக்கொள்ளும். வங்கியில் என் பெயரை இடைவெளியின்றி ஒரே சொல்லாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். கைபேசிக் கடையிலோ கடைசி நான்கு எழுத்துகள் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று வெட்டிவிட்டிருந்தார்கள். இரண்டையும் சரிசெய்ய மூன்று முறை விடுப்பு எடுக்க வேண்டியதாயிற்று. தலைப்பெழுத்து வைத்துக்கொள்ளும் நம்மைப் போன்றவர்கள் புறப்படும் முன்பே செய்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: பட்டச் சான்றிதழில் ஓரெழுத்தாகவும் கடவுச்சீட்டில் விரிந்தும் நிற்கும் பெயர் ஒருவருடையதே என்பதற்கான உறுதிமொழிப் பத்திரத்தை முறைப்படி தயாரித்துக் கையில் வைத்திருப்பது. அங்கு போய்ச் சேர்ந்தபின் முதலில் எந்த அலுவலகத்தில் பெயரைப் பதிகிறோமோ, அங்கேயே கடவுச்சீட்டில் உள்ள வரிசையையும் இடைவெளியையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக்கொள்வதும் அதே அளவுக்கு முக்கியம்.

ஆங்கிலம் கற்பிக்க வருபவர்களுக்குக் கொரியா வழங்குவது ஈ-2 விசா. இது பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கு உரியது. இந்தியர்களுக்கு இதில் ஒரு தனிவழி உண்டு. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரியப் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தின்படி, பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்றும் பெற்ற இந்தியர்கள் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியர்களாகப் பணியாற்றலாம். இந்த வழி இருப்பதை ஆள்சேர்க்கும் முகவர்கள் பலர் அறிந்திருக்கவில்லை. அறிந்தவர்களும் கூடுதல் தாள்வேலைக்குத் தயங்கினார்கள். நான் எழுதிக் கேட்ட முகவர்களில் பாதிப் பேர், ‘தாய்மொழியாகப் பேசுபவர்கள் மட்டும்’ என்ற ஒரு வரியோடு கதவைச் சாத்திவிட்டனர். மாகாணக் கல்வி நிர்வாகத்தின் வழியாக விண்ணப்பித்த பின்னரே எனக்கு வாய்ப்பு அமைந்தது. ஆகவே, குறிப்பாகத் தனியார் பயிற்சி நிலையம் எதுவும் ‘முதலில் சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. பிடிபட்டால் நாடுகடத்தப்படுவது நாமே ஒழிய, அவர்கள் அல்லர்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, பட்டச் சான்றிதழுக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம் பெற்று, அதன்பின் அது வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான ‘அப்போஸ்டில்’ முத்திரையை வெளியுறவு அமைச்சகத்தில் பெற வேண்டும். பிசிசி என்று எல்லோரும் சொல்லும் காவல்துறைச் சான்றுக்கும் அப்போஸ்டில் வேண்டும். காவல்துறைச் சான்று ஆறு மாதத்துக்குள் பெற்றதாக இருக்க வேண்டும் என்பதால், அதை முதலில் வாங்கிவிட்டுப் பட்டச் சான்றிதழுக்காகக் காத்திருப்பது தவறான வரிசை. நான் அந்தத் தவற்றைச் செய்து, இரண்டாம் முறை பணம் கட்டினேன்.

போய் இறங்கியவுடன் பள்ளி கொடுத்தது ஒற்றையறை வீடு. தரைக்கடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடி அறையைச் சூடாக்கும் ‘ஒண்டோல்’ முறையின் அருமை பிப்ரவரிக் குளிரில் முதல் இரவிலேயே புரிந்துவிட்டது. கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையிலேயே படுத்தேன். குப்பை போடுவதைக் கற்றுக்கொள்ளத்தான் அதைவிட நீண்ட காலம் பிடித்தது. 1995 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ள ஏற்பாட்டின்படி, பொதுக் குப்பையை அந்தந்த நகராட்சி விற்கும் பைகளில் மட்டுமே போட வேண்டும். உணவுக் கழிவு தனி, நெகிழி தனி, கண்ணாடி தனி. பக்கத்து ஊரில் வாங்கிய பை நம் ஊரில் செல்லாது என்பதை, என் பை மட்டும் எடுத்துச் செல்லப்படாமல் வாசலில் மூன்று நாள் கிடந்ததன் மூலம் அறிந்தேன். கீழ்வீட்டுப் பாட்டி ஒருவர் அந்தப் பையைப் பிரித்து, எது எதில் போகும் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிய அந்த அரைமணி நேரம்தான் எனக்குக் கிடைத்த முதல் கொரிய மொழிப் பாடம். வந்த 90 நாட்களுக்குள் குறிப்பிட்ட மருத்துவமனையில் உடற்பரிசோதனையும் போதைப்பொருள் சோதனையும் முடித்து, குடிவரவு அலுவலகத்தில் பதிவுசெய்ய வேண்டும். அட்டை கைக்கு வரும் வரை சொந்தப் பெயரில் ஒழுங்கான கைபேசி இணைப்பும், அதை நம்பியிருக்கும் இணையச் சேவைகளும் பெறுவது கடினம் என்பதால், அந்த வாரங்களுக்குத் தேவையான பணத்தைக் கையிலேயே கொண்டுபோவது புத்திசாலித்தனம்.

இனி வகுப்பறை. கொரியத் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் 1997 முதல் மூன்றாம் வகுப்பிலிருந்து கட்டாயப் பாடம். ஒரு பாடவேளை 40 நிமிடம். என்னைப் போன்றவர்களுக்கு வாரம் 22 பாடவேளைகள். வகுப்பில் எப்போதும் கொரிய ஆசிரியர் ஒருவர் உடன் இருப்பார். முதல் வாரத்தில் நான் தயாரித்துக்கொண்டு போன பாடங்கள் அனைத்தும் ஒரே சுவரில் மோதி விழுந்தன. நான் கேள்வி கேட்பேன். வகுப்பு மௌனமாக இருக்கும். இன்னும் எளிதாக்கிக் கேட்பேன். மௌனம் இன்னும் கெட்டியாகும். அவர்களுக்குத் தெரியவில்லை என்று முடிவுகட்டி, மூன்றாம் நாள் எழுத்துகளிலிருந்து தொடங்கினேன். அன்று மாலை உடன்பணியாற்றிய ஆசிரியை மிகுந்த பணிவோடு, “பிள்ளைகளுக்கு இது சற்று எளிதாக இருக்கிறதோ என்று தோன்றுகிறது” என்றார். பாதிப் பிள்ளைகள் மாலைவேளைகளில் ‘ஹாக்வொன்’ எனப்படும் தனியார் பயிற்சி நிலையங்களில் என் பாடத்தைவிட இரண்டு நிலை முன்னே சென்றுகொண்டிருந்தார்கள். மீதிப் பாதிப் பேருக்கு அந்த வசதி இல்லை. முதல் பாதி, தெரிந்ததைச் சொன்னால் பெருமையடிப்பதாக நண்பர்கள் நினைப்பார்களே என்று வாய்மூடியிருந்தது. இரண்டாம் பாதி, தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று வாய்மூடியிருந்தது. வெளியிலிருந்து பார்க்கும் எனக்கு இரண்டும் ஒரே மௌனம்.

இதற்கு நான் கண்ட வழி மிகச் சாதாரணமானது. எந்தக் கேள்வியையும் தனி ஒரு பிள்ளையிடம் கேட்பதை ஒரு மாதம் முழுவதும் நிறுத்தினேன். முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் அரை நிமிடம் பேச வேண்டும், பிறகு அந்த இருவர் சேர்ந்து பின்னால் இருக்கும் இருவரிடம் சொல்ல வேண்டும், அதன்பிறகுதான் வகுப்புக்கு. சொல்வது ‘என் விடை’ என்பது மாறி ‘எங்கள் விடை’ என்று ஆனவுடன் குரல்கள் எழுந்தன.

ஆனால் அந்த வேலையில் நான் காலூன்றியது வேறொரு காரணத்தால். அதை விளக்கக் கொரிய மொழிக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

ஆங்கிலச் சொல்லின் ஈற்றில் மெய்யெழுத்து வந்தால், பெரும்பாலும் கொரியப் பிள்ளைகள் அதன்மேல் ஓர் உயிரை ஏற்றிவிடுவார்கள். பஸ் என்பது ‘பொசு’ என்றும், மில்க் என்பது ‘மில்க்கு’ என்றும் ஆகும். அந்த ஈற்றுயிர் எது என்று கவனித்தபோது சிரிப்பு வந்தது: ‘காசு’, ‘நாடு’ என்ற சொற்களின் முடிவில் உதடு குவியாமல் குறுகி ஒலிக்கும் நம் குற்றியலுகரமேதான். நாமும் பேச்சில் பஸ்ஸு, பேங்க்கு என்றுதானே சொல்கிறோம்! இந்தப் பழக்கத்தை நான் கல்லூரிக் காலத்தில் வெட்கப்பட்டு, என் குரலைப் பதிவுசெய்து கேட்டு, மெல்ல மெல்லக் கழற்றியவன். அதனால் அதை எப்படிக் கழற்றுவது என்பது என் நாக்குக்குத் தெரிந்திருந்தது. பேஸ்பால் பைத்தியங்களான ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் ‘ஸ்ட்ரைக்’ என்ற சொல்லை அசைக்கு ஒன்றாகக் கைதட்டிச் சொல்லச் சொன்னேன். கொரிய வழக்கில் அது சு-து-ரா-இ-கு என்று ஐந்து தட்டல். ஆங்கிலத்தில் ஒரே தட்டல். ஐந்தை ஒன்றாக்கும் போட்டி அந்தப் பருவம் முழுவதும் ஓடியது. இடைவேளையில் நடைக்கூடத்தில்கூடத் தட்டிக்கொண்டு போனார்கள்.

அதேபோல், தமிழில் ககரம் ஒன்றே ‘கடல்’ என்பதில் ஒரு விதமாகவும் ‘தங்கம்’ என்பதில் வேறு விதமாகவும் ஒலிப்பதைப் போலவே, கொரியத்திலும் ஒரே எழுத்து சொல்லின் முதலில் வல்லொலியாகவும் உயிர்களுக்கு நடுவில் மெல்லியதாகவும் ஒலிக்கும். இறைச்சியைக் குறிக்கும் ‘கோகி’ என்ற சொல்லில் அந்த எழுத்து இரு முறை வருகிறது. இரண்டு முறையும் ஒலி வேறு. எழுதும்போது எதை எழுதுவது என்ற இந்தக் குழப்பத்தில்தான் முன்பு ஆங்கில எழுத்துகளில் ‘Pusan’ என்று எழுதப்பட்ட துறைமுக நகரம், 2000-ஆம் ஆண்டின் புதிய ஆங்கில எழுத்துமுறைக்குப் பின் ‘Busan’ ஆயிற்று. பக்கத்துப் பள்ளியில் இருந்த அமெரிக்க ஆசிரியருக்கு, பிள்ளைகளின் காதுக்கு அந்த இரண்டு ஒலிகளும் ஏன் ஒன்றாகக் கேட்கின்றன என்பது கடைசி வரை விளங்கவில்லை. எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

இலக்கணத்தில் ஒற்றுமை இன்னும் நெருக்கம். ‘நேற்று நான் பார்த்த பிள்ளை’ என்ற தொடரைக் கொரியத்தில் சொன்னால் நான்கு சொற்களும் இதே வரிசையில் நிற்கும். ஆங்கிலத்தில் அது தலைகீழாகும். வினை கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, ஆங்கிலத்தில் பெயருக்கு முன் வரும் ‘எ’, ‘தி’ போன்ற சொற்கள் இல்லாதது, பெரியவரிடம் பேசும்போது வினைமுற்றே மாறுவது ஆகிய எல்லாமே நமக்குப் பழகியவை. எதிர்மறைக் கேள்விக்கு விடை சொல்வது இவற்றில் தனி ரகம். “வீட்டுப்பாடம் கொண்டுவரவில்லையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டால் அந்தப் பிள்ளை ‘யெஸ்’ என்கிறது, பிறகு பார்த்தால் கையில் ஒன்றும் இல்லை. “இந்தப் பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள்” என்று அந்த அமெரிக்க நண்பர் வருத்தப்பட்டார். “ஆமாம், கொண்டுவரவில்லை” என்பதில் உள்ள ‘ஆமாம்’ அது என்று அவருக்குச் சொன்னேன். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘நோ’ வர வேண்டும் என்று எனக்கும் ஒரு காலத்தில் மண்டையில் ஏறாமல் இருந்ததே. தொடக்க நிலையில் எதிர்மறைக் கேள்வி கேட்பதையே தவிர்த்தும், கேட்டால் ஆம்–இல்லையோடு நிறுத்தவிடாமல் முழு வாக்கியமாக விடை சொல்லப் பழக்கியும் இந்தச் சிக்கலைச் சமாளிக்கலாம்.

இந்த ஒற்றுமைகளைச் சொன்னவுடன், தமிழும் கொரியமும் உடன்பிறந்தவை என்று சிலர் உற்சாகமடைவது வழக்கம். அம்மாவையும் அப்பாவையும் கொரியப் பிள்ளைகள் ஏறக்குறைய அதே ஒலியில் அழைக்கும்போது நெஞ்சு நெகிழ்வது உண்மைதான். 1905 வாக்கிலேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்க மிஷனரி கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். எனினும், இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. அம்மா, அப்பா போன்ற ஒலிகள் உலகின் பல மொழிகளில் தாமாகவே தோன்றுபவை. எனக்கு இரத்த உறவு தேவைப்படவில்லை. ஒரே மாதிரியான இடத்தில் இடறி விழும் இரண்டு பேருக்கு ஒருவர் வலி மற்றவருக்குத் தெரியும். வகுப்பறைக்கு அது போதும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், முன்வரிசைச் சிறுவன் ஒருவன், “நீங்கள் வொனோமினா?” என்று கேட்டான். தாய்மொழியாகப் பேசுபவர் என்பது அந்தச் சொல்லின் பொருள்; பள்ளியில் என் பதவியின் பெயரே அதுதான். கொரிய ஆசிரியை என்னைச் சங்கடத்தோடு பார்த்தார். இல்லை, என் வீட்டு மொழி வேறு, ஆங்கிலத்தை நானும் பள்ளியில்தான் கற்றேன் என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் நீங்களும் தப்பு விட்டீர்களா?” என்றான். மறுநாள் வகுப்பறைச் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, நான் மாணவனாக இருந்தபோது செய்த பிழைகளை எழுதினேன்: ‘டிஸ்கஸ்’ என்பதற்குப் பின்னால் ‘அபவுட்’ சேர்த்தது, நம் ‘தான்’ என்பதை நினைத்துக்கொண்டு கண்ட இடத்தில் ‘ஒன்லி’ போட்டது, சொல்லின் ஈற்றில் உகரம் இழுத்தது. அதற்குப் பக்கத்தில் வெற்றுத்தாள் ஒன்று; விரும்பியவர்கள் தங்கள் பிழையை எழுதலாம், பெயர் வேண்டாம். இரண்டு வாரத்தில் இரண்டாவது தாள் ஒட்ட வேண்டியிருந்தது. எந்தப் பயிற்சி நூலிலிருந்தும் நான் எடுத்ததல்ல இது. ஆனால் நான் செய்தவற்றில் மிகவும் பயன்பட்டது இதுவே என்று நினைக்கிறேன்.

உடன்பணியாற்றும் கொரிய ஆசிரியரோடு உள்ள உறவு, வகுப்பறை அளவுக்கே முக்கியமானது. “இது சற்றுக் கடினமாக இருக்கலாமோ” என்றால் மாற்றிவிடுங்கள் என்று பொருள்; “யோசித்துப் பார்க்கிறேன்” என்றால் பெரும்பாலும் முடியாது என்று பொருள். சொல்லாததை முகம் பார்த்து அறிவதற்கு அவர்கள் ‘நுன்ச்சி’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அது எனக்குப் பிடிபட மூன்று மாதங்கள் ஆயின. நாளைக்கு விளையாட்டு விழா, வகுப்பு இல்லை என்று முந்தின நாள் மாலையில் தெரியவரும். அதே விதமாக, இன்று கூடுதல் வகுப்பு உண்டு என்று மணி அடிக்கும்போது தெரியவரும். வேண்டுமென்றே செய்வதில்லை, ஆசிரியர் அறையின் குழுச்செய்திகள் அனைத்தும் கொரியத்தில் இருப்பதால், மொழிபெயர்த்துச் சொல்லும் சுமை ஏற்கெனவே வேலை மிகுந்த ஒருவர்மேல் விழுகிறது. எப்போதும் எடுக்கத்தக்க இரண்டு பாடங்களை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். மதிய உணவைப் பிள்ளைகளோடு பள்ளியிலேயே உண்ண வேண்டும். சைவ உணவினருக்கு இது சோதனை, ஏனெனில் காய்கறிச் சூப்பின் சாறுகூடப் பெரும்பாலும் நெத்திலியில் இறக்கியதாக இருக்கும். முதல் வாரத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. நான் மூன்றாம் மாதம் சொன்னபோது, இத்தனை நாள் தெரியாமல் பரிமாறிவிட்டோமே என்று சமையலறைப் பெண்மணிகள் என்னைவிட வருத்தப்பட்டார்கள்.

அந்த ஆண்டு நவம்பர் 15, புதன்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. வகுப்பறையில் இருந்த அத்தனை கைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. என் கைபேசித் திரையிலும் ஒரு செய்தி. ஹங்குல் எழுத்துகளை நான் வந்த இரண்டாம் வாரமே கற்றிருந்தேன். 15-ஆம் நூற்றாண்டில் செஜோங் மன்னர் எளிய மக்களுக்கென உருவாக்கிய 28 எழுத்துகளில் இன்று வழக்கில் உள்ள 24 எழுத்துகள், உயிரும் மெய்யும் சேர்ந்து ஒரு கட்டத்துக்குள் அமரும் முறை தெரிந்த தமிழருக்கு ஒரு வாரப் பாடம். ஆகவே செய்தியில் இருந்த ஒரு சொல்லைத் தெளிவாக எழுத்துக்கூட்டி வாசித்தேன்: ‘ஜிஜின்’. வாசித்துவிட்டு நின்றேன். பொருள் தெரியவில்லை. நிமிர்ந்தபோது வகுப்பில் ஒருவரும் இல்லை; அனைவரும் மேசைகளுக்கு அடியில் இருந்தார்கள். முந்தைய ஆண்டு கியோங்ஜுவில் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப் பின் அவர்களுக்கு நல்ல பயிற்சி இருந்தது. தரை ஆடத் தொடங்கியது. நான் மட்டும் கரும்பலகைக்கு முன் நின்றுகொண்டிருந்தேன். ஒரு சிறுமி மேசைக்கு அடியிலிருந்து கையை நீட்டி என் காற்சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

போஹாங் நகரை உலுக்கிய அந்த நிலநடுக்கத்தின் அளவு 5.4. எங்கள் ஊரில் சேதம் ஏதுமில்லை. ஆனால் மறுநாள் நடக்கவிருந்த ‘சுனுங்’ எனப்படும் கல்லூரி நுழைவுத் தேர்வை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். அந்தத் தேர்வு என்றால் என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது: ஆங்கிலக் கேட்டல் பகுதி நடக்கும் ஏறக்குறைய 35 நிமிடங்களுக்கு நாடு முழுவதும் விமானங்கள் ஏறவோ இறங்கவோ அனுமதிப்பதில்லை, போக்குவரத்து நெரிசலைக் குறைக்க அலுவலகங்கள் தாமதமாகத் தொடங்குகின்றன. நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்த எவருக்கும் ஆங்கிலத்தில் முதல் தரம் என்ற புதிய முறை அந்த ஆண்டுதான் அறிமுகமாயிற்று. தொடக்கப் பள்ளியில் நான் பாட்டும் விளையாட்டுமாக நடத்தும் பாடம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டபின், பெற்றோர்கள் ஏன் என் பாடத்தை அவ்வளவு நுணுக்கமாக விசாரிக்கிறார்கள் என்ற எரிச்சல் தணிந்தது.

இரவில் படுத்தபோது நினைவில் நின்றது அந்தச் சொல்தான். எழுத்தைச் சரியாக வாசித்தும் பொருள் தெரியாமல் நின்ற என் நிலைதான், பாடநூலை உரக்க வாசித்துக்காட்டும் என் பிள்ளைகளில் பாதிப் பேரின் நிலை. நன்றாக வாசிக்கிறாய் என்று நான் அவர்களைப் பாராட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரத்திலிருந்து உரக்க வாசிப்பதைக் குறைத்து, வாசித்ததைப் படமாக வரையச் சொன்னேன்.

கொரியம் கற்பதை அதன்பின் தள்ளிப்போடவில்லை. நீதி அமைச்சகம் நடத்தும் சமூக ஒருங்கிணைப்புத் திட்டத்தில் சுழியம் முதல் ஐந்து வரை நிலைகள் உண்டு. தகுதித்தேர்வு எழுதி ஏற்ற நிலையில் சேரலாம். நீண்டகாலக் குடியிருப்பு விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது இது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதால், தங்கும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் முதலாண்டிலேயே தொடங்கிவிட வேண்டும். சனிக்கிழமை வகுப்பில் என்னோடு வியட்நாம் மருமகள்களும், நேபாளத் தொழிலாளர்களும், உஸ்பெகிஸ்தான் மாணவர் ஒருவரும் இருந்தார்கள். அங்கே நானும் வாய்மூடி உட்கார்ந்திருப்பேன். ஆசிரியை கேள்வியோடு என் பக்கம் திரும்பினால் வயிற்றைப் பிசையும். வெள்ளிக்கிழமை வரை நான் செய்ததை சனிக்கிழமை எனக்கு யாரோ செய்தார்கள். வகுப்பில் கற்ற கொரியம் ஊர்ச் சந்தையில் செல்லுபடியாகாதது வேறு கதை. கியோங்சாங் வட்டார வழக்கில் ‘காகா காகா?’ என்பது காக்கை கரைவதல்ல, ‘அந்தப் பிள்ளைதான் அந்தப் பிள்ளையா?’ என்ற முழு வாக்கியம். குரலின் ஏற்ற இறக்கம்தான் பொருளைப் பிரிக்கிறது.

பணம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கைக்கு வரும் சம்பளத்தில் தேசிய ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் பிடித்தம் ஆகும். இரண்டிலும் நிறுவனம் தன் பங்கைக் கட்ட வேண்டும். பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் விடும் தனியார் நிலையங்கள் உண்டு என்பதால், ஓய்வூதிய அலுவலகத்தில் நேரில் போய்ப் பதிவைக் கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை. ஓராண்டு முடித்தால் ஒரு மாதச் சம்பளத்துக்கு இணையான பணிக்கொடை சட்டப்படி உண்டு. அதைத் தவிர்க்கப் பதினோராம் மாதத்தில் குறை கண்டுபிடித்து அனுப்பிவிட்ட கதையை, எனக்கு அறிமுகமான ஒருவர் ஒரு பயிற்சி நிலையத்தில் அனுபவித்தார்; ஒப்பந்தம் கொரிய மொழியில் இருந்ததால் அதன் ஒரு பிரிவை அவர் வாசித்திருக்கவே இல்லை. விசாவில் குறிப்பிட்ட பணியிடத்துக்கு வெளியே, அனுமதியில்லாமல், அண்டைவீட்டுப் பிள்ளைக்குக் காசு வாங்கிக்கொண்டு பாடம் சொல்வதும் குற்றம். பெற்றோர்கள் அன்போடு கேட்பார்கள். மறுப்பது சங்கடம்தான், ஆனாலும் மறுக்க வேண்டும். குடிவரவு ஐயங்களுக்கு 1345 என்ற எண்ணில் பல மொழிகளில் விளக்கம் பெறலாம். தமிழ் அதில் இல்லை.

மிகக் கடினமான காலம் எது என்று கேட்பவர்கள் மொழியையோ உணவையோ எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அது ஜனவரி. குளிர்கால விடுமுறையில் பிள்ளைகள் இல்லை, கொரிய ஆசிரியர்கள் இல்லை. ஒப்பந்தப்படி நான் மட்டும் காலை எட்டரைக்கு வந்து மாலை நாலரை வரை ஆளில்லாத பள்ளியில் மேசைமுன் அமர்ந்திருக்க வேண்டும். முதல் ஆண்டு அதை இழப்பாகவே கழித்தேன். வீட்டுக்குப் பேசும்போது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தவுடன் தொண்டை அடைக்கும். இரண்டாம் ஆண்டு, அடுத்த பருவத்தின் பாடங்கள் முழுவதையும் அந்த நாட்களிலேயே தயாரித்துவிட்டேன். பள்ளிக் காவலர், பேரக்குழந்தைகள் உள்ள முதியவர், பத்து மணிக்கு வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை இரண்டு கைகளாலும் ஏந்திக் கொண்டுவந்து கொடுப்பார். நானும் இரண்டு கைகளால் வாங்குவேன். எனக்குக் கொரியம் நன்றாகப் பேச வந்தது அவரோடு உட்கார்ந்து கிழங்கு உரித்த அந்தக் காலைகளில்தான்.

மூன்றாண்டுகளுக்குப் பின் அதே நகரில் வேறொரு பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே பெயர்ப்பலகை செய்யும் முன்பு, எந்தப் பெயரை எழுதுவது என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். என் பெயரை ஹங்குலில் நானே எழுதிக் கொடுத்தேன். நான்கே அசைகள், கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. புதிய பிள்ளைகள் அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள். பழைய பள்ளிப் பிள்ளைகள் இப்போது நடுநிலைப் பள்ளிச் சீருடையில், என்னைவிட உயரமாக, மாலையில் ஹாக்வொன் பேருந்துக்குக் காத்து நிற்கும்போது சாலைக்கு மறுபுறம் என்னைக் கண்டால் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூவுகிறார்கள். நான் திரும்பிக் கையசைக்கிறேன்.